பால்மரம் வந்த வழி

உலக உருண்டையில் கிள்ளான் நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் இருக்கிறது. உருண்டையைப் பாதி சுற்றித் தென்னமெரிக்காவுக்குப் போனால், நடுக்கோட்டுக்குத் தெற்கே கிட்டத்தட்ட அதே தொலைவில், அமேசானில் கலக்கும் தபஜோஸ் ஆற்றின் கரையில் போயிம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. இரண்டு ஊரிலும் ஒரே வெக்கை, ஒரே அடைமழை. ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறையச் சம அளவு. அங்கே காட்டில் வளர்ந்த பால்மரம், அதாவது ரப்பர் மரம், இங்கே வேர்பிடித்ததற்கு இந்த ஒற்றுமையே முதல் காரணம். அது வேர்பிடித்ததால்தான் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களில் பெரும்பாலோரின் பாட்டன் பூட்டன்மார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினார்கள்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பால்மரத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? விடியுமுன் பெரட்டுக்கு நிற்பது, விளக்கு வெளிச்சத்தில் நிரை பிடித்து வெட்டுவது, மங்கில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றிக் காண்டாக் கம்பில் ஸ்டோருக்குச் சுமப்பது, ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் அடைப்பது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மரம் இங்கே வருமுன் எங்கெங்கே அலைந்தது, யார் யார் கைமாறியது என்பதுதான் அவ்வளவாகத் தெரியாத கதை. அதைத் தெரிந்துகொள்வதில் இன்னொரு பயனும் உண்டு. நெல்லும் கோதுமையும் காட்டுப் புல்லாக இருந்து வயலுக்கு வந்தது பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. அவை எப்படி ஊர்களையும் அரசுகளையும் உண்டாக்கின என்பதை மண்ணைத் தோண்டித்தான் ஊகிக்க வேண்டும். பால்மரமோ நான்கைந்து தலைமுறைக்குள் காட்டிலிருந்து தோட்டத்துக்கு வந்தது. ஒரு நிலமும் ஒரு பயிரும் சேர்ந்து ஒரு சமூகத்தை எப்படி உருவாக்கும் என்பதை ஆவணத்தோடு பார்க்கக் கிடைக்கும் அபூர்வமான இடம் கிள்ளான் பள்ளத்தாக்கு.

கதை வேறொரு மரத்தில் தொடங்குகிறது. மெக்சிகோவின் வளைகுடாப் பகுதியில் எல் மனாத்தி என்ற சதுப்பு நிலத்தில், ஏறத்தாழ 3,600 ஆண்டுப் பழைமையான ரப்பர் பந்துகள் கிடைத்திருக்கின்றன. காஸ்டில்லா என்ற மரத்தின் பாலில் செய்தவை அவை. அந்தப் பாலை வெறுமனே உலர்த்தினால் நாளடைவில் நொறுங்கிவிடும். அங்கே வாழ்ந்த மக்கள், இரவில் வெள்ளையாகப் பூக்கும் ஒரு கொடியின் சாற்றைக் கலந்து, துள்ளுகிற பந்தாக அதை மாற்றக் கற்றிருந்தார்கள். 1528இல் ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ் அப்படிப் பந்தாடும் சிலரை ஸ்பெயின் அரசவைக்கே அழைத்துப் போனார். தரையில் அடித்தால் அவ்வளவு துள்ளும் பந்து ஐரோப்பியருக்குப் புதிது. பார்த்து வியந்தார்கள், அதோடு விட்டுவிட்டார்கள்.

இரண்டு நூற்றாண்டு கழித்து, பூமியின் வடிவத்தை அளக்கப் போனவர்கள் வழியாக ரப்பர் மறுபடி ஐரோப்பாவுக்குப் போனது. பூமி துருவத்தில் தட்டையா, நடுவில் தட்டையா என்று அறிஞர்கள் வாதிட்ட காலம் அது. வழக்கைத் தீர்க்க நிலநடுக்கோட்டில் ஒரு பாகையின் நீளத்தை அளந்தாக வேண்டும். அதற்காக இன்றைய ஈக்குவடோருக்குச் சென்ற பிரெஞ்சுக் குழுவில் இருந்த லா கொந்தமின், 1736இல் அங்கிருந்து காட்டு ரப்பர் சுருள்களைப் பாரிசுக்கு அனுப்பிவைத்தார். 1770இல் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி, அது பென்சில் எழுத்தை அழிக்கும் என்று எழுதினார். 1823இல் கிளாஸ்கோவின் சார்ல்ஸ் மெக்கின்டாஷ் அதைத் துணியின் நடுவே பூசி மழைக்கோட்டு செய்தார். கோட்டு வெயிலில் பிசுபிசுத்தது, பனியில் பலகைபோல் விறைத்தது. பருவம் மாறாத வெப்பக் காட்டில் பிறந்த பொருள் குளிர்நாட்டுப் பருவங்களைத் தாங்கவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தது ஒரு விபத்து. 1839இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் கந்தகம் கலந்த ரப்பரைச் சூடான அடுப்பின்மேல் தவறவிட்டார். உருகி ஒழுக வேண்டியது தோலைப்போல் உறுதியாகி நின்றது. அவருடைய மாதிரித் துண்டுகள் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கின் கைக்குப் போயின. ஹான்காக் அதில் கந்தகத்தைக் கண்டுபிடித்து, தானே செய்து பார்த்து, குட்இயருக்குச் சில வாரம் முன்னதாக இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். குட்இயர் 1860இல் கடனாளியாக இறந்தார். இன்று டயர்களில் நாம் பார்க்கும் அவர் பெயர், அவர் இறந்து 38 ஆண்டுக்குப் பின் தொடங்கிய ஒரு கம்பெனி மரியாதைக்காக எடுத்துக்கொண்டது.

டயரும் இப்படியே இரண்டு முறை பிறந்தது. காற்றடைத்த சக்கரத்துக்கு 1845லேயே ஸ்காட்லாந்தின் ராபர்ட் தாம்சன் காப்புரிமை பெற்றிருந்தார். குதிரை வண்டிக் காலத்தில் அதை யாரும் சீந்தவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் ஜான் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கல்லுத் தெருவில் குலுங்காமல் போகட்டும் என்று ரப்பர்க் குழாயில் காற்றடைத்துக் கட்டினார். இந்த முறை காலம் கனிந்திருந்தது. சைக்கிள் உலகமெங்கும் பரவியது. பின்னாலேயே மோட்டார் காரும் வந்தது. சைக்கிளை மட்டும் மறந்துவிட வேண்டாம். கிள்ளானில் அது இரண்டு முறை இந்தக் கதைக்குள் திரும்பி வரும்.

இவ்வளவு தேவைக்கும் ரப்பர் வந்தது பெரும்பாலும் அமேசான் காட்டிலிருந்துதான். காட்டில் பால்மரம் கூட்டமாக நிற்பதில்லை. ஒன்று இங்கே நின்றால் அடுத்தது எங்கோ தள்ளி நிற்கும். பால் எடுப்பவர் நாளெல்லாம் ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். அந்தப் பாலில் கொழித்த மனாவுஸ் நகரம் 1896இல் காட்டின் நடுவே ஒரு பெரிய இசை நாடக அரங்கைத் திறந்தது. அதே ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் காங்கோவில், பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்கள் காட்டு ரப்பருக்காகக் கிராமங்களை எரித்தார்கள், மக்களின் கைகளை வெட்டினார்கள். தேவை பெருகப் பெருக, இந்த மரத்தைத் தோட்டமாக நட முடியுமா என்ற கேள்வி கூர்மையானது.

லண்டனில் அந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர் கிளெமென்ட்ஸ் மார்க்கம். பெருவிலிருந்து சின்கோனா மரத்தைக் கொண்டுவந்து 1860களில் நம் நீலகிரியில் நடச் செய்தவர் அவர்தான். மலேரியாவுக்கு மருந்தான கொயினா அந்தப் பட்டையிலிருந்து கிடைப்பது. சின்கோனாவைக் கடத்தியதுபோல ரப்பரையும் கொண்டுவர முடியும் என்று அவர் நம்பினார். தடையாக நின்றது விதை.

பால்மர விதையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அழகு தெரியும். புளியங்கொட்டையைவிடப் பெரியது, வழுவழுப்பானது, சாம்பலும் பழுப்புமாகப் புள்ளி விழுந்த ஓடு. வெயிலில் காய் படீரென்று வெடித்து விதையைத் தூர எறியும். தோட்டத்துப் பிள்ளைகள் அதைப் பொறுக்கிச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து விளையாடுவார்கள். ஓடு தாய்மரத்தின் திசுவாலானது என்பதால், ஒரே மரத்தின் எல்லா விதையிலும் புள்ளிக்கோலம் ஒன்றுபோல் இருக்கும். அதைப் பார்த்தே எந்த ரகம் என்று சொல்லிவிடும் வல்லுநர்கள் உண்டு. உள்ளே இருப்பது எண்ணெய்ப் பருப்பு. சில வாரத்தில் அது கெட்டுவிடும், பிறகு முளைக்காது. அதற்குமுன் லண்டனுக்குப் போன விதைகளில் பெரும்பாலானவை வழியிலேயே இறந்தன.

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் போயிம் வட்டாரத்தில் ஏறத்தாழ 70,000 விதைகளைத் திரட்டினார். வாழையிலை விரித்துக் கூடைகளில் அடுக்கி, ‘அமேசோனாஸ்’ என்ற நீராவிக் கப்பலில் ஏற்றினார். ஜூன் மாதம் லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குள் அவை வந்து சேர்ந்தபோது, அங்கிருந்த கண்ணாடி வீடுகளைக் காலி செய்து இடம் ஒதுக்கினார்கள். முளைத்தவை ஏறத்தாழ 2,700. விக்கமுக்கு ஆயிரம் விதைக்குப் பத்து பவுண்டு என்ற கணக்கில் பணம் கிடைத்தது.

நாற்றுகள் உடனே மறுபடி கப்பலேறின. சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் தன் ஈரத்திலேயே செடி மாதக் கணக்கில் உயிர்வாழும் என்பதை நதானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர் கண்டறிந்திருந்தார். அப்படிப்பட்ட பெட்டிகளில் 1,900க்கும் மேற்பட்ட நாற்றுகள் இலங்கைக்குப் போயின. கம்பஹாவுக்கு அருகில் ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்டன. 1877இல் சிங்கப்பூருக்கு வந்தவை வெறும் 22. அவற்றில் 9 கன்றுகள் பேராக்கின் கோலா கங்சாரில் வெள்ளை அதிகாரி ஹியூ லோவின் வீட்டுத் தோட்டத்துக்குப் போயின. தென்கிழக்காசியத் தோட்டங்களில் நின்ற கோடிக்கணக்கான பால்மரங்கள் இந்தச் சிறிய கூட்டத்தின் வழிவந்தவை.

பயணத்தில் கூடவே வராமல் போன ஒன்றுதான் மரத்தின் பெரும் அதிர்ஷ்டம். அமேசானில் இதன் இளந்தளிரைத் தின்று கருக்கும் ஒரு பூஞ்சை உண்டு. காட்டில் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் நோய் பரவாது. வரிசையாக நெருக்கி நட்டால் ஒரு தோட்டமே மொட்டையாகிவிடும். விதையோடும் நாற்றோடும் பூஞ்சை கடல் தாண்டவில்லை. அமெரிக்கக் கார் அதிபர் ஹென்றி ஃபோர்டு இந்தப் பாடத்தைப் பெரும் செலவில் கற்றார். 1928இல் தபஜோஸ் கரையிலேயே ஃபோர்ட்லாண்டியா என்ற தோட்ட நகரத்தைக் கட்டி லட்சக்கணக்கான மரங்களை நட்டார். நோய் அவற்றைச் சூறையாடியது. 1945இல் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடம் விட்டுவிட்டு அவர் கம்பெனி வெளியேறியது. பிறந்த மண்ணில் தோட்டப் பயிராக முடியாத மரம், எதிரி வராத மண்ணில் பயிரானது.

ஆனாலும் மலாயாவில் முதல் இருபது ஆண்டு இந்த மரத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. தோட்ட முதலாளிகளின் மனமெல்லாம் காப்பியில் இருந்தது. 1869இல் இலங்கையில் காப்பி இலையில் துரு நோய் விழுந்து தோட்டங்கள் அழியத் தொடங்க, அங்கிருந்த வெள்ளைக்காரத் துரைகள் பலர் சிலாங்கூருக்கு வந்து காப்பி நட்டார்கள். 1890களில் பிரேசில் காப்பியை மலைமலையாக விளைவித்து உலகச் சந்தையில் கொட்டியது, விலை சரிந்தது. பிரேசிலின் காப்பியால் நொடித்தவர்கள் பிரேசிலின் மரத்தைக் கையிலெடுத்தார்கள். அடுத்த இருபது ஆண்டில் அவர்களுடைய ரப்பர், பிரேசிலின் காட்டு ரப்பரைச் சந்தையிலிருந்து தள்ளியது.

அவர்களை அந்தப் பக்கம் திருப்பியவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி. சந்தித்த துரைமாரின் சட்டைப் பைகளில் எல்லாம் ரப்பர் விதையைத் திணித்துப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயரெடுத்தவர். 1896இல் மலாக்காவின் சீன வணிகர் டான் சே யான் அவர் பேச்சை நம்பிப் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் சிலாங்கூரில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் காஜாங்கின் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் நட்டார்கள். 1910இல் ஒரு பவுண்டு ரப்பரின் விலை லண்டனில் 12 ஷில்லிங்கை எட்டியது. ரிட்லியைப் பார்த்துச் சிரித்தவர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அவரோ நூறு வயது வாழ்ந்து, தன் சொல் பலித்ததைக் கண்ணாரக் கண்டார்.

ரிட்லி தந்த பெரிய கொடை, வெட்டும் முறை. அமேசானில் கோடரியால் மரத்தைக் கொத்துவார்கள். மரம் புண்ணாகிச் சீக்கிரம் வற்றிவிடும். ரிட்லி பட்டையின் மெல்லிய சீவலை மட்டும் சாய்வாக எடுத்து, அடுத்த முறை அதே வெட்டின் கீழ்விளிம்பை மீண்டும் சீவச் சொன்னார். உளி கொஞ்சம் மேலே நின்றால் பால் வராது. கொஞ்சம் ஆழ்ந்தால் பட்டை மறுபடி வளராமல் முண்டு தட்டிவிடும். இடையில் கிடைப்பது ஒரு மில்லிமீட்டர் அளவுதான். வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் நின்றுவிடும். ஆகவே வெட்டு விடியற்காலையில். மழை பெய்தால் பால் பட்டையில் வழிந்து வீண். அன்று வேலையும் இல்லை, கூலியும் இல்லை. எடுத்த பால் தானாக உறைவதற்குள் ஸ்டோருக்குப் போய்ச் சேர வேண்டும். நூறாண்டு கடந்தும் இந்த வேலையைப் பெருந்தோட்டங்களில் மனிதக் கைதான் செய்கிறது. மரத்தைப் பழக்கிய கதையில் தாவரவியலாளருக்கு உள்ள இடம், தினமும் அந்த ஒரு மில்லிமீட்டரைக் காத்த கைகளுக்கும் உண்டு. மலாயாவின் பெருந்தோட்டங்களில் அவற்றில் பெரும்பாலானவை தமிழர் கைகள், ஏராளமானவை பெண்களின் கைகள்.

ஏன் குறிப்பாகக் கிள்ளான் பள்ளத்தாக்கு? ஈயம் அங்கே பாதை போட்டு வைத்திருந்தது. கோம்பாக்கும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் ஈயத்துக்காக எழுந்த ஊர் கோலாலம்பூர். 1881இல் தீயும் வெள்ளமும் அதை அழித்தபின், செங்கல்லால் திருப்பிக் கட்ட அரசு ஆணையிட, ஊரின் சீனத் தலைவர் யாப் ஆ லோய் தெற்கே களிமண் நிலத்தில் சூளை வைத்தார். அதுதான் பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி ரயில் ஓடியது. 1901இல் ஆற்று முகத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. ரயில் பணிமனையும் ஊழியர் குடியிருப்பும் பிரிக்பீல்ட்ஸில் அமைந்தன. யாழ்ப்பாணத்துத் தமிழர் கிராணிகளாகவும் நிலைய அதிகாரிகளாகவும் அங்கே குடியேறி, கந்தசுவாமி கோயிலைக் கட்டினார்கள். மேட்டுநிலம், மழை, ரயில், துறைமுகம் என எல்லாம் சேர்ந்திருந்த இடத்துக்குப் பால்மரம் வந்து சேர்ந்தது.

கூடவே மலேரியாவும் வந்தது. துறைமுகம் திறந்த சில மாதத்தில் காய்ச்சல் அதை மூடவைக்கும் நிலைக்குக் கொண்டுபோனது. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்து நான்கே ஆண்டு ஆகியிருந்தது. கிள்ளானின் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் அதை நம்பிச் சதுப்பை வடித்தார், காய்ச்சல் அடங்கியது. அதே வைத்தியம் உள்ளே மலையடிவாரத் தோட்டங்களில் பலிக்கவில்லை. காரணத்தையும் அவரே கண்டார்: தாழ்நிலக் கொசு நிழலான சதுப்பில் பெருகுவது, மலையடிக் கொசு வெயில் படும் ஓடையில் பெருகுவது. ரப்பருக்காகக் காட்டை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டபோது, புதிதாக வந்திறங்கிய கூலிகளின் லயத்துக்குப் பக்கத்திலேயே கொசு பெருகியது. எத்தனையோ குடும்பங்களின் முதல் தலைமுறை அந்த ஓடைக்கரையில் மாண்டது. மார்க்கம் நீலகிரிக்குக் கொண்டுவந்த சின்கோனா மர வகையின் கொயினாதான், அவர் கொண்டுவர விரும்பிய இன்னொரு மரத்தின் அடியில் நின்றவர்களுக்கு மருந்தானது.

ஆட்களைக் கொண்டுவந்தது கங்காணி முறை. தோட்டத்துக் கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய், சாதிசனத்தைத் திரட்டி வருவார். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று உருவாகி, முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து கப்பல் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். 1910இல் பழைய ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. 1926இல் ஓடத் தொடங்கிய ‘ரஜூலா’ கப்பலின் பெயர் இன்றும் முதியவர்கள் வாயில் இருக்கிறது. 1938இல் கூலி குறைக்கப்பட்டதைக் காரணம் காட்டி, இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தைத் தடுத்தது. அதற்குள் மரத்தின் நேரமே மனிதரின் நேரமாகிவிட்டிருந்தது. பெற்றோர் இருட்டில் வெட்டுக்குப் போவதால் பிள்ளைக்கு ஆயக்கொட்டகை. மதியத்தோடு வேலை முடிவதால் மாலையில் கோயிலும் கூத்தும். அதே மாலைக்குக் கள்ளுக்கடையும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேராவது இருந்தால் பள்ளி வைக்கச் சொன்னது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகின. வீடு, கடை, பள்ளி, மருந்து எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே. வேலை போனால் எல்லாமே போகும்.

இங்கேதான் சைக்கிள் வருகிறது. எதன் டயருக்காக மரம் நடப்பட்டதோ, அந்த வண்டியை 1930களில் தோட்டத் தொழிலாளியும் வாங்கத் தொடங்கினான். ஆனால் துரையோ கிராணியோ எதிரே வந்தால் அவன் இறங்கி நிற்க வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதனும் அவர் தோழர்களும் வழிநடத்திய வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடை மூடல் ஆகிய கோரிக்கைகளோடு இதுவும் எழுதப்பட்டது: சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்லக் கூடாது. நாதன் கைதானார், பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். மலாயாத் தமிழர் வரலாற்றில் மிகத் தெளிவாகப் பேசிய ஆவணங்களில் அந்தக் கோரிக்கைத் தாளும் ஒன்று. அதில் கூலியும் மானமும் அருகருகே இருந்தன.

அதே ஆண்டு டிசம்பரில் சைக்கிள் மறுபடி வந்தது, ஜப்பானியப் படையோடு. தோட்டச் சாலைகளில் ஆயிரக்கணக்கான வீரர்கள் சைக்கிளில் இறங்கி வந்தார்கள். டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்தில் ஓட்டினார்கள். 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. தோட்டத் தமிழர்கள் பல்லாயிரவரைச் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்கு இழுத்துச் சென்றார்கள். திரும்பி வராதவர் பல்லாயிரம். மலாயா ரப்பரை இழந்த அமெரிக்கா, போர்க்கால அவசரத்தில் பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்யக் கற்றது. போர் முடிந்து மரங்கள் மறுபடி வெட்டுக்கு வந்தபோது, சந்தையில் மரமில்லாத போட்டியாளன் நின்றான்.

போட்டியைத் தாங்க மரம் மாற வேண்டியிருந்தது; உண்மையில் அதற்கு முன்பே மாறத் தொடங்கியிருந்தது. நல்ல பால் தரும் மரத்தின் மொட்டை எடுத்து இன்னொரு கன்றில் ஒட்டும் முறையை 1910களில் ஜாவாவின் போகோரில் பண்படுத்தினார்கள். முதல் உலகப் போர் முடிந்ததும் முன்னாள் படை அதிகாரிகள் சிலர் கோலாலம்பூருக்குத் தெற்கே பிராங் பெசார் தோட்டத்தைத் திறந்தார்கள். அங்கே பிறந்த பிபி 86 என்ற ரகம் ஆசியாவெங்கும் பரவியது. 1925இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சுங்கை பூலோ நிலையத்தில் உருவாக்கிய ஆர்ஆர்ஐஎம் 600 இன்றும் பல நாடுகளில் நிற்கிறது. தேர்ந்தெடுக்காத விதைமரம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கிலோ தந்தது. ஒட்டுரகங்கள் அதை மூன்று மடங்காக்கின. நெல்லுக்குப் பல நூறு தலைமுறை எடுத்த வேலை இங்கே ஒரு மனிதரின் வாழ்நாளில் முடிந்தது.

இந்த ஆராய்ச்சியில் ஒவ்வொரு மரத்துக்கும் தாய் எது, தந்தை எது, எந்த ஆண்டு ஒட்டியது என்ற கணக்கு உண்டு. அதன் பாலை அளந்து ஊற்றியவர்களுக்கு அப்படிப்பட்ட கணக்கு இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் பிறப்புப் பத்திரமோ குடியுரிமையோ இல்லாமல் தவித்த தோட்டக் குடும்பங்கள் பல. நூறு ஆண்டு வாழ்ந்த லயத்து வீட்டுக்கும் பட்டா கிடையாது. பிராங் பெசார் 1990களில் நாட்டின் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா ஆனது. தோட்ட மக்கள் டெங்கிலில் அடுக்குமாடிக்குப் போனார்கள். ஆர்ஆர்ஐஎம் 600 பிறந்த சுங்கை பூலோ நிலத்தில் குவாசா டாமான்சாரா நகரியம் எழுகிறது.

மரத்தை முதலில் இடம்பெயர்த்தது இன்னொரு வந்தேறி: மேற்கு ஆப்பிரிக்காவின் செம்பனை. 1917இல் பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோக்கொன்னியே கோலா சிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் வணிக அளவில் அதை நட்டார். பால்மரம் தன் எதிரியை விட்டுவிட்டு வந்ததுபோல் செம்பனை தன் நண்பனை விட்டுவிட்டு வந்தது. மகரந்தம் சேர்க்கும் ஒரு சிறு வண்டு ஆப்பிரிக்காவிலேயே தங்கிவிட்டது. பல பத்தாண்டு அந்த வேலையை மனிதர், பெரும்பாலும் பெண்கள், கையால் செய்தார்கள். 1981இல் கேமரூனிலிருந்து வண்டு வந்தது, மகசூல் ஏறியது, அந்தப் பெண்களின் வேலை போனது. பால்மரத்துக்குத் தேவைப்பட்ட ஆட்களில் ஒரு பகுதியே செம்பனைக்குப் போதும். மீதிப்பேர் நகரத்துக்கு வந்தார்கள். நகரமும் அவர்களிடம் வந்தது. எஃபிங்ஹாம் தோட்டம் பெட்டாலிங் ஜெயா ஆனது, சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா, சுங்கை ரெங்கம் ஷா ஆலாம். புங்கே–கிரிசார் கம்பெனியின் தோட்டம், பிரிக்பீல்ட்ஸுக்கு அடுத்த பங்சார்.

இருந்தும் பால் கிள்ளானை விட்டுப் போகவில்லை. 1889 வாக்கில் பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர், கிருமிநாசினியால் புண்பட்ட தன் செவிலியின் கைகளுக்காக மெல்லிய ரப்பர்க் கையுறை செய்யச் சொன்னார். 1980களில் எய்ட்ஸ் அச்சம் வந்தபோது உலகமே கையுறை கேட்டது. பாலும் துறைமுகமும் இருந்த மலேசியா கொடுத்தது. கோவிட் காலத்தில் உலகின் கையுறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மலேசியாவுடையது. கிள்ளான், மேரு பகுதியில் இயந்திரங்கள் ஓயவில்லை. பாலில் பெரும்பகுதி தாய்லாந்திலிருந்து வருகிறது. பல கையுறைகள் செயற்கை ரப்பர். ஆட்கள் நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும். 2020 இறுதியில் அவர்களுடைய நெரிசலான விடுதிகளில் தொற்று பரவியபோது, லயத்தில் மலேரியாவுக்குப் பலியானவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் செய்தி புதிதாக இருந்திருக்காது.

மரமும் இன்னும் ஆபத்தைத் தாண்டிவிடவில்லை. கிழக்கின் மரங்கள் சிறிய கூட்டத்தின் வாரிசுகள் என்பதால், அமேசான் பூஞ்சை ஒருநாள் இங்கே வந்தால் தாங்கும் சக்தி குறைவு. 1981இல் பல நாட்டு ஆய்வாளர்கள் பிரேசில் அரசோடு சேர்ந்து அமேசானில் புதிய விதைகளைத் திரட்டினார்கள். இந்த முறை பாதி பிரேசிலிலேயே இருந்தது, ஒரு பங்கு மலேசியாவுக்கு வந்தது. விக்கமின் வேலையை முறைப்படி மறுபடி செய்ய நூறாண்டு பிடித்தது.

பால்மரம் எங்கே வளரும் என்பதை மழையும் வெயிலும் ஒரு பூஞ்சையின் பயணமும் தீர்மானித்தன. அதை வெட்டியவர் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டுமா, அவர் பிள்ளை எதுவரை படிக்கும், தோட்டம் விற்றால் அவர் எங்கே போவார் என்பவற்றை மனிதர்களே தீர்மானித்தார்கள். புவியியலையும் பயிரையும் வைத்துச் சமூகங்களை விளக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தவறினால், அநீதிக்கும் வானிலையின் பெயர் கிடைத்துவிடும். சுபாங் ஜெயாவில் இன்றும் சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி என்ற பெயரோடு ஒரு பள்ளி நடக்கிறது. தோட்டம் போய், பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளிகள் பள்ளத்தாக்கில் இன்னும் பல. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குத் தபஜோஸ் ஆற்றையும் கியூ பூங்காவையும் கற்றுத்தர வேண்டும். அதே பாடத்தில் 1941இன் கோரிக்கைத் தாளையும் சேர்த்துக் கற்றுத்தர வேண்டும்.